மஞ்சள் தெருவும் முதல் கையெழுத்தும்

எந்தத் தெருவுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், அங்கே ஒருவர் இருப்பார். மனு என்று ஒன்று கிளம்பினால் அதன் முதல் கையெழுத்து அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். குழாயில் உப்புத் தண்ணீர் வருகிறது என்ற மனுவா, கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்ற மனுவா, நாய்த் தொல்லையா, பேய்த் தொல்லையா, அதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம். இரண்டாவது இடத்தில் போடச் சொன்னால் மனுவில் பிழை இருக்கிறது என்பார். மூன்றாவது இடம் என்றால் அன்றைக்கு அவர் ஊரிலேயே இருக்கமாட்டார். இந்த இனத்துக்கு முதல் கையெழுத்துக்காரர்கள் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

தூத்துக்குடி நங்கூரத் தெருவில் அந்தப் பதவி செல்வதுரைக்கு. நாசரேத்துக்காரர். கப்பல் ஏஜெண்ட் ஆபீஸ் ஒன்றில் முப்பத்தொரு வருஷம் இருந்து தலைமை குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவர். அவர் கையெழுத்துப் போடுவதைப் பார்க்க நீங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். பேனா மூடியைக் கழற்றிப் பின்பக்கம் செருகுவார். தாளை ஒரு தட்டுத் தட்டி, ஆங்கிலத்தில் ஆரம்பிப்பார். கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு கிளம்பி, தாளின் விளிம்புவரை போய், என்ன நினைத்ததோ திரும்பி வந்து, கீழே இரண்டு புள்ளியோடு உட்காரும். பிறகு தவறாமல் ஒரு வாக்கியம்: "வாசிக்காம ஒரு எழுத்து போட்டவன் இல்ல நான்." கண்ணாடி அதுவரை நெற்றியில்தான் இருக்கும். வாசிக்கத்தானே கண்ணாடி வேண்டும்? கையெழுத்துப் போட எதற்கு?

தெருவில் நாற்பத்திரண்டு வீடு. ரேஷன் கார்டு, மின்சாரம், துறைமுகத்துக்குள் போக பாஸ் என்று எதற்கும் மனு எழுதிக் கொடுப்பவர் அவர்தான் என்பதால், அவர் பெயருக்குக் கீழே போடச் சொன்னால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அண்ணாச்சி வாசித்திருப்பார் என்று தெரு நம்பிவிடும். வாசிப்பு என்கிற வேலை அந்தத் தெருவில் இப்படித்தான் கைமாறிக் கைமாறி, யாரிடமும் தங்காமல் போயிற்று.

புதுத் துறைமுகம் திறந்த சூட்டில், ஊர் பெருகுகிறது, இனி எங்கே வீடு, எங்கே கடை, எங்கே தொழிற்சாலை என்று புது விதி வேண்டும் என்றார்கள். நகராட்சி அலுவலகத்துச் சுவரில் பெரிய வரைபடம் ஒன்று ஏறியது. மஞ்சள் என்றால் வீடு மட்டும். நீலம் வியாபாரம். ஊதா தொழில். ஆரஞ்சு என்றால் கலப்புக் குடியிருப்பு, அதாவது வீட்டோடு வீடாகச் சின்னத் தொழில் எதுவும் நடத்திக்கொள்ளலாம். ஆட்சேபணை உள்ளவர்கள் அறுபது நாளைக்குள் மனுக் கொடுக்கலாம் என்று அறிவிப்பும் ஒட்டினார்கள். ஆட்சேபணை, மனு! செல்வதுரைக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. பதினோரு நாள் தொடர்ந்து போய் வரைபடத்துக்கு முன்னால் நின்றார். வழியில் பார்ப்பவர்களுக்கெல்லாம் நிறம் சொன்னார். "ஏலே பொன்னுதுரை, நீ ஊதாவுல இருக்க" என்று அவர் சொன்னதைக் கேட்டு, லாரி செட்டு பொன்னுதுரைக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஊதா என்பது வியாதி இல்லை என்று யாரோ எடுத்துச் சொன்ன பிறகுதான் மனுஷன் காப்பி குடித்தார்.

நங்கூரத் தெரு ஆரஞ்சு. செல்வதுரைக்கு அது மஞ்சளாக வேண்டும். ஏன் என்று கேட்பீர்கள். பொதுநலன் கருதி, அவ்வளவுதான். நடுவில் ஒரு சின்னச் சங்கதியும் உண்டு. சேமித்ததையெல்லாம் போட்டு அவர் வீட்டுக்கு மாடி எழுப்பியிருந்தார். துறைமுகத்து இன்ஜினியர் ஒருவர் குடிவர ஆசைப்பட்டுக் குடும்பத்தோடு பார்க்க வந்தார். மாடி ஜன்னலைத் திறந்த இன்ஜினியர் சம்சாரம், சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, அப்படியே படியிறங்கிப் போய்விட்டாள்.

ஜன்னலுக்குக் கீழே பிளாரன்ஸின் முற்றம். அவள் புருஷன் ரோச் தோணியில் கொழும்புக்குப் போய்வருகிறவன். காற்றுச் சரியில்லாத மாதங்களில் தோணியும் கரையில், ரோச்சும் கரையில். மூன்று பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போவது அந்த முற்றத்தை வைத்துத்தான். நெத்திலி, சாளை, சீலா என்று வரிசையாகப் பாய் விரித்துக் கருவாடு காயவைத்திருப்பாள். ஏரல் சந்தைவரை அந்தக் கருவாட்டுக்குப் பெயர் உண்டு. அதில் முதல் தரத்தை முதலில் வாங்குகிறவர் யார் என்கிறீர்கள்? செல்வதுரைதான். கருவாடு இல்லாவிட்டால் அவருக்குப் பழைய சோறு தொண்டையில் நிற்கும். கருவாடு தட்டில் இருக்க வேண்டும், காய்வது மட்டும் வேறு யார் ஜன்னலுக்காவது கீழே காய வேண்டும்.

மனு தயாராயிற்று. நங்கூரத் தெருவை முழு மஞ்சளாக்கி, துர்நாற்றம் தரும் தொழில்களை, குறிப்பாகக் கருவாடு காயவைப்பதை, அறவே விலக்க வேண்டும். முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டு வீடுவீடாக ஏறினார். ஐந்தாவது வீடு பிளாரன்ஸ்.

"லைட்டுக்கா அண்ணாச்சி?"

"தெருவுக்குத்தான் ஏளா. தெருவுக்கு நல்லது. போடு."

கையில் இருந்த உப்பைச் சேலையில் துடைத்துவிட்டுப் போட்டாள். அவரும் மனசாட்சி உறுத்தாமல் வாங்கிக்கொண்டார். தெருவுக்கு நல்லது என்பதை அவர் உண்மையாகவே நம்பினார் என்பதுதான் இந்த இனத்தின் விசேஷம்.

ஒரு வாரம் கழித்து ஓலைக்கொட்டானில் நெத்திலி வாங்கும்போது அவராகவே வாயைத் திறந்தார்.

"இப்பமே நல்லா சாப்பிட்டுக்கிட வேண்டியதுதான். பெறவு நீ துறைமுகப் பக்கம் எங்கனயாவது இடம் பாத்துல்லா காயவைக்கணும்."

"எதுக்கு அண்ணாச்சி?"

"நம்ம தெரு மஞ்சளாகப் போவுதுல்லா? நீயும்தான கையெழுத்து போட்டிருக்க. அஞ்சாவது பேரு."

பிளாரன்ஸ் அளந்த நெத்திலியைக் கொட்டானோடு கீழே வைத்தாள். துறைமுகப் பக்கம் இடம் பிடிக்க அவளுக்கு வழியேது? பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போய் மீனுக்குக் காவல் இருப்பாள்? தன் கையாலேயே தன் முற்றத்துக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டாளே! அன்றைக்கு மீனில் உப்பு இரண்டு தரம் விழுந்தது.

அவள் தங்கை ஹில்டா டைப்பிஸ்ட். சுங்கக் காரியம் பார்க்கும் ஏஜெண்ட் ஒருவரிடம் வேலை. மனுத் தமிழ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அக்காள் அழுது முடிக்கும்வரை காத்திருந்து, ஒரு தாளைச் சொருகித் தட்டினாள். நங்கூரத் தெரு இப்போதுள்ளபடி கலப்புக் குடியிருப்பாகவே நீடிக்க வேண்டும். கருவாடு காயவைப்பதால் யாருக்கும் யாதொரு தொந்தரவும் இல்லை. கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள் அனைவரும் அதை விரும்பிச் சாப்பிடுகிறவர்கள். ஒன்றாம் எண்ணுக்கு நேரே இடத்தை வெறுமையாக விட்டு, இரண்டிலிருந்து கையெழுத்து வாங்கச் சொன்னாள். வாங்குவது கஷ்டமாகவே இல்லை. ஒன்றாம் எண் யாருக்கு என்று தெருவுக்குத் தெரியாதா? அண்ணாச்சி எழுதியதாகத்தான் இருக்கும் என்று நாற்பத்தொரு பேரும் போட்டுக் கொடுத்தார்கள்.

கடைசியாக பிளாரன்ஸ் செல்வதுரை வீட்டுக்குப் போனாள்.

"எல்லாரும் போட்டாச்சு. முதல் இடத்த உங்களுக்குன்னு விட்டு வச்சிருக்கோம் அண்ணாச்சி."

அந்த வெற்று இடத்தைப் பார்த்தார். தெரு முழுவதும் தனக்காகக் காத்து நிற்கிறது! மனம் குளிர்ந்து போயிற்று.

"எதுக்கு ஏளா இது?"

"தெருவுக்குத்தான் அண்ணாச்சி."

கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. கோடு விளிம்புவரை போய்த் திரும்பி வந்து, புள்ளி இரண்டோடு உட்கார்ந்தது. முப்பத்தொரு வருஷ வாக்கியத்தையும் சொல்லித்தான் தாளைக் கொடுத்தார்.

விசாரணை நாளில் தெருவில் பாதி பேர் நகராட்சி மண்டபத்தில் இருந்தார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அதிகாரி மந்திரமூர்த்தி, காலையிலிருந்து ஆட்சேபணை கேட்டுக் களைத்துப் போயிருந்தார். நங்கூரத் தெரு என்று கூப்பிட்டுவிட்டு, இரண்டு மனுக்களையும் உரக்க வாசித்தார். ஒவ்வொரு வரிக்கும் மண்டபத்தில் முணுமுணுப்பு. தாங்கள் எதில் கையெழுத்துப் போட்டோம் என்று தெருவுக்கு அப்போதுதான் தெரிகிறது. செல்வதுரைக்கும் இரண்டாவது மனுவைப் பொறுத்தமட்டில் அதே நிலைமை.

"ரெண்டுலயும் அதே நாற்பத்திரண்டு பேர். முதல் கையெழுத்து செல்வதுரை. நீங்கதானா?"

"நாந்தான் சார்."

"ரெண்டும் உங்க கையெழுத்துதானா?"

விளிம்புவரை போய்த் திரும்பி வந்த அந்தக் கோட்டை வேறு யார் பேரில் போட முடியும்? தலையை ஆட்டினார்.

"இதுல கருவாடு கூடாதுங்கிறீங்க. இதுல விரும்பிச் சாப்பிடுறேங்கிறீங்க. எதை வாசிக்காமப் போட்டீங்க? அதைச் சொல்லுங்க, அந்த மனுவைத் தள்ளிடுறேன்."

பிளாரன்ஸ் தலைப்பைக் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். இரண்டாவது என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். தெரு மஞ்சளாகும், மாடிக்கு இன்ஜினியர் வருவார், இவள் முற்றம் போகும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால், தான் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டவன் என்று தெருவே கேட்கச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு முதல் கையெழுத்துக்காரர் இசைவாரா? மாடி போனால் போகட்டும்.

"வாசிக்காம ஒரு எழுத்து போட்டவன் இல்ல சார் நான்" என்றார். "ரெண்டையும் வாசிச்சுத்தான் போட்டேன்."

"அதெப்படி?"

"முதல்ல போட்டது முதல்ல தோணினது. பெறவு போட்டது பெறவு நல்லா யோசிச்சது."

மந்திரமூர்த்திக்கு நிம்மதி. யோசித்தது பிந்தியதுதான் என்று எழுதிக்கொண்டு, தெரு ஆரஞ்சாகவே இருக்கும் என்று முடித்தார். பிளாரன்ஸ் வெளியே வந்து சுவரில் சாய்ந்து அழுதேவிட்டாள். செல்வதுரை அவளைத் தாண்டிப் போகும்போது நின்றார்.

"ஒரு விசயத்த ரெண்டு பக்கமும் பாக்கணும் ஏளா" என்றார்.

சாயங்காலத்துக்குள், பிளாரன்ஸின் முற்றத்தைக் காப்பாற்றியவர் செல்வதுரைதான் என்று தெருவில் பேச்சாகிவிட்டது. மறுவாரம் அவரே அதை நம்ப ஆரம்பித்தார். அவர் மனைவி ஜெபசெல்வி மட்டும் சோறு போடும்போது கேட்டாள்:

"நெசமாவே அந்த ரெண்டாவத வாசிச்சியளா?"

"கருவாட்ட வை."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன மாதம் உங்கள் வாசலிலும் யாரோ ஒரு தாளை நீட்டினார்களே, நீங்களும் பேனாவை எடுத்தீர்களே, அதில் யார் பிழைப்பை எடுக்கச் சொல்லியிருந்தது, யார் பிழைப்பைக் காக்கச் சொல்லியிருந்தது, கொஞ்சம் சொல்லுங்கள் பார்ப்போம். ஞாபகம் இல்லையா? பாதகமில்லை. ஆனால் உங்கள் பெயர் அதில் எத்தனையாவது என்று கேட்டால் மட்டும் உடனே சொல்லிவிடுகிறீர்களே, அதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.