கேத வீட்டில் கேக் வாசம்

எனக்கு டீ போடத் தெரியாது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு ஆண் இப்படிச் சொன்னால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் என் விஷயத்தில் இது மீமிசல் கடைத்தெரு முழுவதற்கும், கோட்டைப்பட்டினத்துப் படகுக்காரர்களில் பாதிப் பேருக்கும் தெரியும். அத்தனை பேரும் ஒரே காலையில், ஆளுக்கொரு டம்ளராக அதைத் தெரிந்துகொண்டார்கள்.

அன்று என் மாப்பிள்ளை இறந்துபோயிருந்தார்.

மாப்பிள்ளை என்றால் மகளைக் கட்டியவர் அல்ல (கயலுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அந்தக் கவலையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்). என் தங்கை செல்வியின் கணவர் முருகேசன். கடைத்தெருவில் வலையும் கயிறும் படகுக்குப் பூசும் பெயின்டும் விற்கும் கடை வைத்திருந்தார். சர்க்கரை வியாதிக்காரர், ஆனால் இனிப்பென்றால் உயிர். கல்யாணப் பந்தியில் தன் இலைக்கு வந்த ஜாங்கிரியைப் பக்கத்து இலைக்குத் தள்ளிவிட்டு, அது அடுத்தவர் வாய்க்குள் போகும் வரை கண்ணை எடுக்க மாட்டார். அன்று விடிந்ததும் நெஞ்சு வலிக்கிறது என்றவர், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். என்னைவிடச் சின்னவர்.

என் மனைவி சாந்தி உடனே செல்வி வீட்டுக்கு ஓடிவிட்டாள். சொந்தக்காரர்களுக்கெல்லாம் தகவல் சொல்லி முடித்து நான் கிளம்பும்போது அவளிடமிருந்து போன்.

“என்னங்க, செல்வி அழவே மாட்டேங்குதுங்க. வச்ச கண்ணு வாங்காம உக்காந்திருக்கு. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள எறங்கல. எனக்குப் பயமா இருக்கு. இங்க அடுப்புப் பத்த வைக்கக் கூடாது. நம்ம வீட்ல டீ போட்டு எடுத்துட்டு வாங்க. வந்திருக்கவங்களுக்கும் சேத்துப் போடுங்க.”

“நானா?”

“இல்ல, எதுத்த வீட்டு ஆளு. சீக்கிரம் வாங்க.”

செல்வி சின்ன வயதில் பென்சில் முனை உடைந்தாலே அழுகிறவள். அவள் அழாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்றதும், மாப்பிள்ளையைத் தூக்கும்போது இவளும் சாய்ந்துவிடுவாளோ என்று மனம் எங்கெங்கோ ஓடியது. எப்படியாவது ஒரு வாய் டீ அவளுக்குள் போக வேண்டும்.

சமையலறையில் டீத்தூள் டப்பாவைத் திறந்தால் அடிமண்டிதான் இருந்தது. கடைக்கு ஓடினேன். கடைத்தெரு முழுக்க ஷட்டர் இறங்கியிருந்தது. வியாபாரிகளில் ஒருவர் போய்விட்டால் எங்கள் ஊரில் எல்லாரும் கடையைச் சாத்திவிடுவார்கள். மளிகைக்காரர் சாத்திய கடைக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“ஒரே ஒரு பாக்கெட் டீத்தூள்…”

“சார், முருகேசண்ணனுக்காகச் சாத்துன கடை. நீங்களே வந்து தொறக்கச் சொல்றீங்களே?”

அவர் கண் கலங்கியிருந்தது. மாப்பிள்ளையின் மரியாதையை மாப்பிள்ளை சாவுக்காகவே குலைக்க வந்தவனைப் போலத் திரும்பி நடந்தேன்.

அப்போதுதான் அலமாரியில் இருந்த அந்தத் தகர டப்பா ஞாபகம் வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் கயல் போன வாரம் கூரியரில் அனுப்பியது. “அப்பா, இது மாமாவுக்கு. கிரீன் டீதான், ஆனா கேக் மாதிரி வாசம் வரும். பாவம், வாசத்தையாவது அனுபவிக்கட்டும்” என்று போனில் சொல்லியிருந்தாள். திறந்து பார்த்தபோது பச்சைத் தேயிலையோடு காய்ந்த மாம்பழத் துண்டு, அன்னாசித் துண்டு, செம்பருத்தி இதழ் எல்லாம் இருந்தன. கூடவே கலர் கலராகக் குட்டி நட்சத்திர மிட்டாய்கள். சர்க்கரை வியாதிக்காரருக்கு மிட்டாயா என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நட்சத்திரங்களைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்தேன். (கவலைப்படுவதை நான் தள்ளிப்போட்டதே இல்லை. மற்ற வேலைகளுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை.) அவர் வெள்ளிக்கிழமையே போய்விட்டார்.

சத்தியமாக அந்த நேரத்தில் அது யாருக்கு வந்த டீ என்பதே என் புத்தியில் இல்லை. டப்பாவில் டீ என்று போட்டிருந்தது. பெரிய குண்டானில் பாலைக் காய்ச்சி, மொத்த டப்பாவையும் கொட்டினேன்.

நான் ஒன்பதாம் வகுப்புக்கு வேதியியல் நடத்துபவன். அமிலம் பட்டால் பால் திரியும் என்று எழுதாத பிள்ளைகளுக்கு மதிப்பெண்ணைக் குறைத்தவன். செம்பருத்தியும் பழமும் பாலில் விழுந்த சற்று நேரத்தில், அந்தப் பாடம் ரோஸ் நிறத்தில் கட்டி கட்டியாக என் முன்னால் மிதந்தது. வேறு பால் இல்லை. பழைய வேட்டியில் வடிகட்டி, தண்ணீர் ஊற்றி, சர்க்கரையை அள்ளிப் போட்டு மறுபடி கொதிக்க வைத்து, தூக்குவாளியில் ஊற்றி எடுத்துப் போனேன்.

பந்தலில் மூடியைத் திறந்ததும் பிறந்தநாள் வீட்டு வாசம் குப்பென்று கிளம்பியது. ஊதுபத்தி தோற்றுப்போனது. கோட்டைப்பட்டினத்திலிருந்து வந்திருந்த காசிம் பாய், மாப்பிள்ளையிடம் காலகாலமாக வலை வாங்கியவர், டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

“சார், இது டீயா?”

“கிரீன் டீ, பாய்.”

“செவப்பா இருக்கு?”

நான் அடுத்த டம்ளரை நிரப்பினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “முருகேசனுக்காக” என்று டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். பின்னால் யாரோ, “கேத வீட்ல கேக்கு வெட்டுன மொத ஆளு நம்ம சாருதாப்பா” என்றது காதில் விழுந்தது.

சாந்தி ஓடி வந்தாள். “என்னத்தங்க ஊத்திக் கொண்டாந்தீங்க?” என்று பல்லைக் கடித்தவள், வேறு வழியில்லாமல் ஒரு டம்ளரைச் செல்வியின் உதட்டில் வைத்தாள். செல்வி ஒரு வாய் விழுங்கினாள். முகம் சுளித்தது. காலையிலிருந்து அந்த முகத்தில் நடந்த முதல் அசைவு அதுதான்.

“என்னண்ணே இது?”

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. “கயலு மாப்பிள்ளைக்கு அனுப்புன டீம்மா. கேக் வாசம் அடிக்குமாம். ஞாயித்துக்கெழம குடுக்கலாம்னு…”

“அவருக்கா?”

டம்ளரைப் பார்த்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தவரைப் பார்த்தாள். அப்புறம்தான் அந்தக் குரல் வெடித்தது.

“இனிப்பு இனிப்புன்னு ஏங்குனீகளே… கேக்கு வாசத்துல ஒங்களுக்கு டீ வந்துச்சே… ஒரு வாய் குடிக்காமப் போயிட்டீகளே…”

சுற்றியிருந்த பெண்கள், என்ன டீ, எந்த டீ என்று ஒன்றும் தெரியாமலே அவளைக் கட்டிக்கொண்டு அதையே சொல்லி அழுதார்கள். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்த கயலுக்குப் பந்தல் முனையிலேயே கேட்டது, அவள் அனுப்பிய டீக்கு வைத்த ஒப்பாரிதான். என் தோளைப் பிடித்துக்கொண்டு, “அப்பா, என்னப்பா பண்ணுனீங்க?” என்றாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. செல்வியின் பக்கத்தில் அந்த டம்ளர் காலியாகக் கிடந்தது. எப்போது குடித்து முடித்தாளோ.

இப்போது நான் சமையலறைப் பக்கம் போனாலே, “யாருக்கு என்ன ஆச்சு?” என்கிறாள் சாந்தி. கயல் தினமும் போன் செய்கிறாள். நல்லாயிருக்கீங்களா என்று கேட்பதில்லை.

“அப்பா, டீ எதுவும் போடலயே?”

“போடலம்மா.”

எல்லாரும் உயிரோடு இருக்கிறோம் என்று அர்த்தம். இருந்தாலும், போன் அடிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு ஒரு தடவை நின்றுதான் ஓடுகிறது.

முதல் வருஷத் திதிக்குக் கயல் அதே டீயை வாங்கி வந்தாள், படையலில் வைக்க. போடுவதற்கு எழுந்த சாந்தியைச் செல்வி தடுத்தாள். “நீங்க வேணாம் மதினி. அண்ணன்தான் போடணும்.”

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டீயைப் பேப்பரில் கொட்டி, நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் போட ஆரம்பித்தேன். செல்வி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு தட்டை எடுத்து, பொறுக்கியதையெல்லாம் மறுபடி டீயிலேயே கொட்டினாள்.

“விடுண்ணே. இனிமே அவருக்கு என்ன சுகரு ஏறப்போகுது?”