இன்டர்நேஷனல் அண்ணாச்சிக்குப் பின்னால்

பந்தைத் தவிர உலகத்தில் எதையும் பிடிக்கத் தெரிந்த ஒரே விக்கெட் கீப்பர், எங்கள் இராஜபாளையத்து 'இன்டர்நேஷனல்' அண்ணாச்சிதான். பேட்ஸ்மேனின் தொப்பி, காற்றில் வந்த பாலிதீன் பை, ஒருமுறை அம்பயரின் சட்டை என்று எல்லாம் பிடித்திருக்கிறார். பந்து மட்டும் அவர் கால்களுக்கு நடுவே புகுந்து என்னிடம் வரும். பேண்டேஜ் கம்பெனி டீமில் ஏழு வருஷமாக அவருக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கியதுதான் என் கிரிக்கெட்.

பட்டம் வந்தது ஓமனில். அவர் அங்கே ஏசி மெக்கானிக்காக இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை இலங்கைக்காரர்களோடு மேட்ச். நாலாவது ஓவரில் கேம்ப் பஸ் ஹாரன் அடித்ததும் ஆட்டம் கலைந்துவிட்டது. அதுவரை எல்லாப் பந்தையும் அவர்கள் அடித்து விரட்டியதால், அண்ணாச்சியிடம் ஒன்றுகூட வரவில்லை.

"ஏலே, இன்டர்நேஷனல்ல ஒரு கேட்ச்கூட விட்டதில்ல நான். ரெக்கார்டுலே!" என்பார்.

மேட்ச் அன்று கம்பெனி பேண்டேஜ் துணியைப் பத்து விரலிலும் சுற்றிக்கொண்டுதான் கிளவுஸ் மாட்டுவார். ஸ்ரீவில்லிபுத்தூர் பேட்ஸ்மேன் ஒருவன் பதறிப்போய், "அவியளுக்கு என்னாச்சு, ஆக்சிடென்டா?" என்று என்னிடம் விசாரித்தான். பந்து பட்டால்தானே விரலில் அடிபடும்!

அந்த கிளவுஸ் மேல் எனக்கு ஏழு வருஷ ஆசை. கேட்டால், "பொறவு பாப்போம். நீ இன்னும் லோக்கலுலே" என்பார். அவர் முதுகைப் பார்த்து மனசுக்குள் திட்டுவேன்.

போன மாதம் மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூரோடு மேட்ச். பொறுமை இழந்த கேப்டன் கிளவுஸை வாங்கி என்னிடம் கொடுத்தார். "இன்னைக்கு ஒருநாள் பாப்பேன். பந்த விட்டேன்னா இனி கேக்கவே கூடாது" என்றவர், அண்ணாச்சியைப் பார்த்து, "நீங்க எங்கயாச்சும் நில்லுங்க" என்றார். அண்ணாச்சி நகர்ந்துவிட்டார். எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம்.

முதல் பந்து. குனிந்தேன். அது என் கால்களுக்கு நடுவே போய்விட்டது. நாலு ரன் போச்சு, கிளவுஸும் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

பின்னால் தொம்மென்று சத்தம். திரும்பினால், வழக்கமாக நான் நிற்கும் இடத்தில் இன்டர்நேஷனல் குப்புற விழுந்து கிடந்தார். பந்தைக் கையால் பிடிக்கவில்லை, நெஞ்சால் மறித்திருந்தார். அங்கே நிற்கும்படி அவரிடம் யாருமே சொல்லவில்லை.

"பயப்படாத. நீ முன்னால பாருலே. பின்னால நான் இருக்கேம்லா" என்றார், வாயெல்லாம் மண்ணோடு.

ஏழு வருஷம் அவர் முதுகைத் திட்டிக்கொண்டே நின்ற நான், அவரிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை.