தெரியாதவளாக இருக்கும் வேலை

ஸ்பெயின்,
மே மாதம், ஒரு ஞாயிறு.

அன்புள்ள திருமலை மாமாவுக்கு,

ரேவதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே நீங்களும் மாதேஸ்வரி அத்தையும் தளி ரோட்டு பேட்டரிக் கடையும் நலமாக இருக்க வேண்டும். வாட்ஸப்பில் அனுப்பினால் டீ ஆறுவதற்குள் சொந்தக்காரர்கள் குரூப்புக்குப் போய்விடும். அதனால்தான் காகிதம்.

விஷயம் இது. அடுத்த வருஷத்துக்கும் இந்தப் பள்ளியில் என்னை வைத்துக்கொள்வார்கள் என்று தோன்றவில்லை. இல்லையென்றால் ஜூனில் திரும்பி, அப்பா பேசி வைத்திருக்கும் சிப்காட் கம்பெனி வேலையில் சேர வேண்டும். அது எனக்காக அவரிடம் நீங்கள் கொடுத்த வாக்கு. எனவே அவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். காரணமும் நீங்கள்தான்.

ஊர் பழகிவிட்டது. மதியச் சாப்பாடு நம் டீ நேரத்தில். அறிமுகமில்லாதவர்களும் கன்னத்தோடு கன்னம் வைத்து வரவேற்கிறார்கள். முதல் வாரம் நான் கும்பிட்டபடி பின்னால் நகர்ந்து நகர்ந்து ஒரு செடித்தொட்டியில் உட்கார்ந்தேன். சுற்றிலும் ஆலிவ் தோப்பு. அறுவடையில் லாரிகளைப் பார்த்தால் மாங்காய் சீசன் கிருஷ்ணகிரி.

நான் இங்கிலீஷ் டீச்சர் இல்லை, மாமா. டீச்சருக்குத் துணை. பிலார் என்கிற டீச்சர் பாடம் நடத்துவார், நான் பிள்ளைகளோடு பேச வேண்டும். தலைமையாசிரியர் முதல் நாள் சொன்ன ஒரே விதி: எனக்கு ஸ்பானிஷ் தெரியக் கூடாது. கற்றுக்கொண்டாலும் காட்டிக்கொள்ளக் கூடாது. வேறு வழியில்லை என்றால்தான் பிள்ளைகள் வாயில் இங்கிலீஷ் வரும். தெரியாதவளாக இருப்பதற்குச் சம்பளம்.

எளிது என்று நினைத்தேன். ஆனால் நான் லீவு நாளெல்லாம் உங்கள் கல்லாப் பக்கத்தில் வளர்ந்தவள், லாரிக்காரர் தெலுங்கில் கேட்டால் தெலுங்கு, மாலூர்க்காரர் வந்தால் கன்னடம், பீகார்ப் பையன்கள் வந்தால் நமக்குத் தெரிந்த ஹிந்தி, ஒரே ஒரு தடவை ஒருத்தருக்குத் தமிழிலேயே பதில் சொன்னதற்கு அவர் போனதும் நீங்கள் என்னைப் பிடித்துக்கொண்டீர்கள்: “வர்றவன் எந்த பாஷையில கேக்குறானோ அதுலயே பேசணும் பாப்பா. இல்லன்னா வெளிய போன்னு சொன்ன மாதிரி.” அந்தப் பழக்கம் என்னோடு விமானம் ஏறிவிட்டது. ரொட்டிக்கடை அம்மாவிடம் ஆரம்பித்தேன். பொங்கலுக்குள் அவர் மருமகளைப் பற்றிய முழுப் புகாரையும் கேட்டு, நடுநடுவே மருமகள் பக்கம் நியாயமும் பேசிக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்குள் மட்டும் வாயைக் கட்டி வைத்திருந்தேன். மார்ச்சில் லூசியா என்கிற வாண்டு மைதானத்தில் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு, மருந்து போட்டால் எரியுமா என்று அழுதுகொண்டே ஸ்பானிஷில் கேட்டது, நான் என்ன செய்வேன் மாமா, கேட்ட பாஷையில் பதில் வந்துடுச்சு, எரியும், ஆனா ஊதிவிடறேன்னு. அவள் அழுகை நின்றது. மைதானமும் நின்றது.

மறுநாளிலிருந்து ஒரு பிள்ளைகூட இங்கிலீஷில் வாய் திறக்கவில்லை. பிலார் கூப்பிட்டு, உனக்கு எத்தனை மொழி தெரியும் என்றார். விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். இத்தனையும் எங்கே படித்தாய் என்றார். படிக்கவில்லை, பேட்டரி விற்றோம் என்றேன்.

தலைமையாசிரியரே வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்த்து என்னைப் பற்றி முடிவு செய்வார் என்றார்கள். அதற்குள் ஒரு வழி கண்டுபிடித்தேன். இங்கிலீஷில் கேட்டால் இங்கிலீஷில் பதில். ஸ்பானிஷில் கேட்டால் கன்னடத்தில். தண்ணீர் குடிக்க வெளியே போக வேண்டுமென்றால் இங்கிலீஷ்தான் கதி. பலித்தது. கொஞ்சம் அதிகமாகவே. அவர் வந்த அன்று பிள்ளைகள் இங்கிலீஷில் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள், கடைசி பெஞ்சிலிருந்து அவர் எழுந்து ஸ்பானிஷில் ஏதோ சொல்ல ஆரம்பித்தார், லூசியா திரும்பி உதட்டில் விரல் வைத்து, “சும்னே கூத்கோ” என்றாள்.

பேசாமல் உட்காரு. தினமும் நான் அவளுக்குக் கன்னடத்தில் சொல்வது.

உட்கார்ந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மணி அடித்ததும் போய்விட்டார். பிலார் என் தோளைத் தட்டிய விதத்தைப் பார்த்தால் துக்க வீடு.

அப்பாவிடம் சொல்லுங்கள். ஒன்றும் தெரியாமல் திரும்பி வரவில்லை. தெரிந்துபோனதால் வருகிறேன். நம் ஓசூரில் இதை ஒரு திறமை என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றுவது போல ஒன்று. இங்கே ஒரு பள்ளிக்கூடமே அதைப் பார்த்து மிரண்டுவிட்டது. கொஞ்சம் நிமிர்ந்துதான் நடக்கிறேன், மாமா.

அத்தைக்கு என் அன்பு. கடைக்கு வருகிற எல்லோருக்கும், அவரவர் பாஷையில், என் வணக்கம்.

உங்கள் மருமகள்,
ரேவதி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் திங்கட்கிழமை ஆகிவிட்டது. அப்பாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். தலைமையாசிரியர் கூப்பிட்டார். அந்தப் பிள்ளைகள் இவ்வளவு இங்கிலீஷ் பேசி அவர் பார்த்ததில்லையாம். இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார். ஒரே நிபந்தனை. இனிமேல் பள்ளிக்குள் என் வாயிலிருந்து ஒரு சொல்கூட ஸ்பானிஷ் வரக் கூடாது. அப்படியே ஆகட்டும் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அவர் ஸ்பானிஷில்தான் கேட்டார். நானும் அதிலேயே.