எக்ஸ்ரே பார்க்கும் கணினி

"மறுபடியும் கறுத்துடுச்சு" என்றான் கடைக்காரன்.

திரையில் ஒரு வீரன் வாளோடு குகைக்குள் காலெடுத்து வைத்தான். அவ்வளவுதான். எல்லாம் கறுப்பு. பெட்டிக்குள் விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. சிவப்பும் நீலமுமாக விளக்குகள் ஓடின. கடைக்காரன் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தான். திரை கறுத்தால் உடனே அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் உள்ளே ஏதாவது கருகிவிடும். அது அவன் தொழில் பாடம்.

அவன் தன் கையால் பாகம் பாகமாகப் பூட்டிய முதல் கேம் கணினி அது. வாங்கியவர் பல் டாக்டரம்மா ஒருவர். இன்று மாலைக்குள் சரியாகாவிட்டால் மெஷினை அவனே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அவருடைய கிளினிக் கணினிகளைப் பார்க்கும் வேலையும் எதிர்சாரியில் இருக்கும் பெரிய ஷோரூமுக்குப் போய்விடும். டாக்டர் இதை, பல் பிடுங்குவதற்கு முன் பேசுகிற அதே கனிவான குரலில் சொல்லியிருந்தார்.

"சூடுதான் காரணம்" என்றான் மனைவியிடம். "சிப்பு மேல தடவின பேஸ்ட் காஞ்சிருக்கும். மாத்தினா பறக்கும் பாரு."

மனைவி கவுண்டரில் ஒரு பிரிண்டருக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தாள். "நேத்தும் பறக்கும்னுதான் சொன்னீங்க."

பேஸ்ட் மாற்றினான். ஒரு கார் பந்தயத்தைப் போட்டான். கார்கள் பறந்தன. கடைக்காரன் நாற்காலியை விட்டு எழுந்து ஒரு சுற்றுச் சுற்றினான்.

"சொன்னேன்ல!"

டாக்டரின் கேமைத் திறந்தான். வீரன். வாள். குகை. கறுப்பு.

"மத்ததெல்லாம் ஒழுங்கா ஓடுதே" என்றாள் மனைவி.

"நடிக்குதுடி. பாரம் ஏறினாத்தான் சுயரூபம் தெரியும்."

போன் அடித்தது. டாக்டர் கிசுகிசுத்தார்.

"ஆச்சா?"

"ஆயிட்டே இருக்கு டாக்டர். கறுக்கறதுக்கு முன்னாடி உள்ளயிருந்து ஏதாவது சத்தம் வந்துச்சா?"

"சத்தமா? நான் சத்தமே வைக்கறதில்லப்பா. அத்தை காதுல விழுந்தா என் கதை முடிஞ்சுது. எக்ஸ்ரே பார்க்கற மெஷின்னு சொல்லி வச்சிருக்கேன்."

கடை மேசையிலும் ஸ்பீக்கர் கிடையாது. மாடியில் டியூஷன் எடுக்கும் வாத்தியார் ஒருமுறை இறங்கி வந்து கத்திவிட்டுப் போனதிலிருந்து எல்லாச் சோதனையும் ஊமைச் சோதனைதான்.

"அப்போ கரண்ட் பத்தல" என்று முடிவு செய்தான் கடைக்காரன். அலமாரியிலிருந்து இருப்பதிலேயே பெரிய பவர் சப்ளையை இறக்கினான். அது பெட்டிக்குள் நுழையவில்லை. பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றினான். பத்திரமாக நாற்காலியில் வைத்தான். பிறகு யோசிப்பதற்காக உட்கார்ந்தான்.

நொறுங்கிய சத்தம் மாடிவரை போனது. வாத்தியார் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

"அடி பட்டுச்சா?" என்று ஓடிவந்தாள் மனைவி.

"எனக்கு ஒண்ணுமில்ல. இப்ப இடம் தாராளமா இருக்கு பாரு. காத்து நல்லா போகும்!"

பெரிய பவர் சப்ளை மேசைமேல் வெளியே உட்கார்ந்து உறுமியது. வீரன் கம்பீரமாக நடந்தான். குகை வந்தது. கறுத்தது.

"கிராபிக்ஸ் கார்டுதான்!" கடைக்காரனின் கண்கள் மின்னின. "இத்தனை நேரம் கண்ணு முன்னாடி இருந்திருக்கு, எனக்குத் தோணலையே!"

"வேற கார்டுக்கு எங்க போவீங்க?"

அவன் பார்வை மூலையில் நின்ற புது மெஷின்மீது விழுந்தது.

"தொடாதீங்க. அது ஸ்டுடியோக்காரரோடது. நாளைக்கு டெலிவரி."

"சும்மாதானே நிக்குது? கொஞ்சம் கடன் வாங்கறேன்."

ஸ்டுடியோக்காரரின் கார்டு நீளமாக இருந்தது. பெட்டியின் முன்பக்கத்தைக் கழற்றினான். அப்போதும் இடித்தது. பெட்டியையே கழற்றினான். கார்டு கனத்தில் தலை சாய்ந்தது. அதைக் கயிற்றால் கட்டி, கயிற்றைச் சட்டை மாட்டும் ஆணியில் மாட்டினான். மேசைவிசிறியைத் திருப்பி வைத்தான். பவர் பட்டன் ஒயரில் தொங்கியது.

மனைவி இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். "இது ரிப்பேரா, போஸ்ட்மார்ட்டமா?"

"இந்தத் தடவை நிச்சயம். என் உள்ளங்கை அரிக்குது. எதைப் போட்டாலும் ஓடும்!"

வாசலில் கார் நின்றது. டாக்டர் இறங்கினார். பின்னாலேயே அவருடைய மாமியாரும் இறங்கினார். கடைக்காரன் கையிலிருந்த ஸ்குரூ டிரைவர் கீழே விழுந்தது.

"அத்தையும் வருவேன்னு ஒரே பிடிவாதம்" என்றார் டாக்டர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"மெஷின் இல்லாம வீடே வெறிச்சுனு கிடக்குப்பா" என்றார் மாமியார். மேசையை எட்டிப் பார்த்தார். "ஐயோ, இதென்ன குடலெல்லாம் வெளிய கிடக்கு?"

"சர்வீஸ்மா" என்றான் கடைக்காரன்.

"இதுலதான் பல்லு தெரியுமா?"

"வேர் வரைக்கும் தெரியும்மா."

"அப்புறம் கலர் கலரா லைட்டு எதுக்கு?"

கடைக்காரன் டாக்டரைப் பார்த்தான்.

"சொத்தையைக் காட்டறதுக்கு அத்தை" என்றார் டாக்டர். "சிவப்பு எரிஞ்சா பிடுங்கணும். நீலம் எரிஞ்சா அடைச்சாப் போதும்."

மாமியார் தலையாட்டினார். "சரி, ஓட்டிக் காட்டுங்க. எப்ப வீட்டுக்கு வரும்னு தெரியணும் எனக்கு."

வேறு வழியில்லை. டாக்டர் கண்ணால் சைகை செய்தார். கடைக்காரன் தொங்கிய பட்டனைப் பிடித்து அழுத்தினான். விசிறிகள் பிய்த்துக்கொண்டு சுற்றின. கயிற்றில் கார்டு ஊஞ்சலாடியது. திரையில் வீரன் வாளை உருவினான்.

"யாரு இது?" என்றார் மாமியார்.

"பேஷண்ட்மா."

"கையில வாள் வச்சிருக்கான்."

"பல்வலிம்மா. கோவத்துல வந்திருக்காரு."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பிரிண்டர் பக்கம் திரும்பினாள்.

வீரன் குகை வாசலுக்கு வந்தான். டாக்டர் மாமியாரை மறந்தார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "போ, போ, போயிடு..." என்று முணுமுணுத்தார். கடைக்காரன் மூச்சை அடக்கினான். அவன் கட்டைவிரல் கீயை அழுத்த அழுத்த, வீரன் ஓரடி வைத்தான். இன்னொரு அடி.

கறுப்பு.

டாக்டரின் தோள் தொய்ந்தது. "போதும்பா" என்றார், அதே கனிவான குரலில். "நீங்களே வச்சுக்குங்க. கிளினிக் மெஷினையெல்லாம் பார்க்க நாளைக்கு ஷோரூம்ல சொல்லிடறேன்."

எதிர்சாரி ஷோரூமின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. கடைக்காரன் தலையைக் குனிந்துகொண்டு, அணைப்பதற்காகப் பட்டனுக்குக் கை நீட்டினான்.

மாமியார் அந்தக் கையில் பட்டென்று ஓர் அடி போட்டார்.

"கையை எடுப்பா! அந்தக் குகை அப்படித்தான் இருட்டா இருக்கும், காதைத் தீட்டிக்கிட்டு தண்ணி சொட்டற சத்தம் வர்ற பக்கமா நடக்கணும். இவ கிளினிக்குக் கிளம்பினதும் நான் தினம் போயிட்டு வர்ற வழிதானே!"