புஹாரியின் கவலை நேரம்

பதுளை கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருந்த புஹாரிக்கு உறக்கம் போய்விட்டது. கவலைகள் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தன. கொழும்பிலிருந்து துணி வராத கவலை. பேக்கரி வாசலில் பாண் வாங்கக் கியூவில் நிற்கிற கவலை. எதிர்க்கடைக்கு மட்டும் துணி எப்படி வருகிறது என்ற பெருங்கவலை.

டாக்டர் நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார். மாத்திரை எழுதவில்லை.

"முதலாளி, கவலைக்குன்னு தினம் அரைமணி நேரம் ஒதுக்குங்க. அப்ப உட்கார்ந்து ஆசை தீரக் கவலைப்படுங்க. மத்த நேரத்தில வந்தா, பொறகு வான்னு திருப்பி அனுப்பிடுங்க."

மாத்திரையில்லாத வைத்தியம் புஹாரிக்கு மிகவும் பிடித்தது. வீட்டுக்கு வந்து மனைவி ஸுபைராவிடம் பிரகடனமே செய்துவிட்டார்.

"இனிமே சாயந்தரம் அஸர் தொழுதிட்டு வந்து அரைமணி நேரம்தான் எனக்குக் கவலை. மத்த நேரம் ஒரு கவலையும் வாசப்படி ஏறக்கூடாது. விளங்கிச்சா?"

"நல்லா விளங்கிச்சு" என்றாள் ஸுபைரா.

வைத்தியம் அன்றே கைகொடுத்தது. பண்டாரவளையில் ஸுபைராவின் அக்கா, ஹம்ஸியா ராத்தா, மகளுக்குக் கலியாணம் வைத்திருந்தாள்.

"ஒரு கிழமை முந்தியே போய் ராத்தாவுக்கு உதவணும். போகட்டுமா?"

"அது கவலை. அஸருக்குப் பிறகு."

அஸருக்குப் பிறகு கேட்டாள்.

"இன்னைக்குத் துணிக் கவலையே நேரத்தைத் தின்னுட்டுது. நாளைக்கு வா."

மறுநாளும் அதே பதில். ஸுபைராவின் பேச்சுச் சத்தம் இல்லாத வீட்டில் தன்னால் இருக்க முடியாது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. ஆம்பிளை அதையெல்லாம் எப்படிச் சொல்வது?

அடுத்த நாள் பகல் சாப்பாட்டுக்கு வந்தார். வாசலில் பெட்டி. பெட்டிக்குப் பக்கத்தில் நல்ல சாரி உடுத்திய ஸுபைரா.

"எங்க பயணம்?"

"பண்டாரவளைக்கு. பகல் பஸ்ஸில."

"நான் இன்னும் ஓம் சொல்லலியே!"

"அது கவலைதானே? அஸருக்குப் பிறகு வைங்க."

"சமைக்கிறது யாரு?"

"அதுவும் கவலை."

"நான் உடுத்துற சாரமெல்லாம் எங்க இருக்கு?"

"அடடா, அரைமணி போதாது போல இருக்கே! டாக்டர்கிட்டச் சொல்லி முக்கால் மணி ஆக்கிக்கிடுங்க."

"ஸுபைரா... எனக்கு உறக்கம் வராது."

அவள் ஒரு கணம் நின்றாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"கோழிக்கறி மூடி வச்சிருக்கேன். சாப்பிட்டுட்டுக் கவலைப்படுங்க."

பஸ் போய்விட்டது.

அன்று அஸருக்குப் பிறகு சாய்வு நாற்காலியில் கவலைப்பட உட்கார்ந்த புஹாரி, பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொன்னபோதுதான் எழும்பினார். தொழுதுவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தார். துணி ஞாபகமே வரவில்லை. எதிர்க்கடையும் வரவில்லை.

விடிந்ததும் கடையைத் திறக்காமலே முதல் பஸ் ஏறினார்.

கலியாண வீட்டு முற்றத்தில் ஸுபைரா அவரைக் கண்டு ஆச்சரியப்படவில்லை.

"வாங்க. முகம் ஏன் வாடிக் கிடக்கு?"

"கண்ணையே மூடலை ஸுபைரா. நீ இல்லாத வீடு இருக்கே..."

சொல்லிவிட்டார்! அவருக்கே கூச்சமாக இருந்தது. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்து, சட்டென்று ஒளிந்துகொண்டது.

"அதெல்லாம் அஸருக்குப் பிறகு ஆறுதலாப் பேசுவோம்" என்று, ஒரு கடகம் வெங்காயத்தையும் கத்தியையும் அவர் முன்னால் வைத்தாள். "அதுவரைக்கும் இதை உரிங்க. வெங்காயத்துக்கு ஆள் காலைல முதல் பஸ்ஸில வருதுன்னு ராத்தாகிட்ட நேத்தே சொல்லி வச்சிட்டேன்."