பச்சைத் தண்டும் பரம்பரை மானமும்

குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் இன்னொரு முறை மூச்சை இழுத்துப் பார்த்தார். சந்தேகமே இல்லை. கெட்டுப்போன முட்டைக்கோஸ் வாடை, அவர் சிறுநீர் கழித்த ஒவ்வொரு முறையும்.

முதலில் குழாயைத்தான் குற்றம் சாட்டினார். பிளம்பர் வந்து எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, "குழாயில ஒரு குறையும் இல்ல சார்" என்று கையைக் கழுவிக்கொண்டார். அப்படியானால் குறை யாரிடம்?

வியாதியைவிட மானம்தான் அவருக்குப் பெரிது. தம் வம்சத்தில் டாக்டர் வாசலை மிதித்தவர் ஒருவரும் கிடையாது என்று சம்பந்தி வீட்டுக் கூடத்தில் நின்று முழங்கியவர். அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான், பென்சில் கனத்தில் இருக்கும், அஸ்பாரகஸ் என்ற சீமைக் காயின் பச்சைத் தண்டுகளைக் கட்டுக்கட்டாக வாங்கி வந்து, வீட்டில் அனைவரும் தினமும் உண்ண வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார். நார்ச்சத்து உண்டு, ஃபோலேட் உண்டு, வைட்டமின் கே உண்டு, கொழுப்பு என்பதே இல்லை என்று ரயில் வருகையை அறிவிக்கும் குரலில் அறிவித்தார். புல் மேய்கிற வயதா எனக்கு என்று முனகிய மனைவியை ஒரு பார்வையில் அடக்கினார்.

இப்போது சிறுநீரகமே கவிழ்ந்துவிட்டது போலிருக்கிறது. உடம்பில் தேங்கிய உப்பையெல்லாம் இந்தத் தண்டு வெளியேற்றும் என்று எங்கோ படித்த ஞாபகம் வந்தது.

"நாளையிலேர்ந்து ரெண்டு பங்கா சமைம்மா" என்றார் மருமகளிடம்.

"நானே கேக்கலாம்னு இருந்தேன் மாமா."

மகன் தட்டை நீட்டினான். மனைவி வாணலியையே வழித்தெடுத்தாள். ஒரு வழியாகக் குடும்பம் திருந்தியது என்று பெரியவருக்குப் பரம திருப்தி.

வாடைதான் இரு மடங்காயிற்று. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். விளைவு, ஓயாத ஓட்டம். ஓடிப்போய் நின்றபோதெல்லாம் குளியலறை உள்ளே தாழிட்டிருந்தது. வாசனைத் தெளிப்பானின் சீறல் வேறு கேட்டது. நம்மால் இவர்களுக்கும் தொல்லை என்று கூசிப்போனார்.

கடைசியில் நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டு, தொப்பியைப் புருவம் வரை இழுத்துக்கொண்டு, தெருமுனை டாக்டரிடம் போனார். டாக்டர் நாடிகூடப் பிடிக்கவில்லை. அஸ்பாரகஸ் சாப்பிடுகிறீர்களா என்று மட்டும் கேட்டார். அதிலுள்ள கந்தகச் சத்து செரிக்கும்போது வருகிற வாடைதான் இது, ஒரு கெடுதலும் இல்லை, நல்ல காய், தாராளமாகச் சாப்பிடலாம் என்றார்.

பெரியவரின் முதுகு பழையபடி நிமிர்ந்தது. வெளியே வந்ததும் நர்ஸிடம் குரலைத் தாழ்த்தினார்.

"நான் வந்தது எங்க வீட்ல யாருக்கும் தெரியக் கூடாதும்மா. குடும்ப மானம்."

"என்னை நம்பலாம் சார்," என்றாள் அவள். "உங்க வீட்டம்மா, மகன், மருமக மூணு பேரும் தனித்தனியா வந்து, பெரியவருக்கு மட்டும் தெரிய வேண்டாம்னு சொல்லிட்டுப் போனாங்க. அதையே நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லலையே."