மேற்படி ஆசாமி

"கை என்பது இரண்டு கைகளையும் குறிக்கும்" என்று யுவஸ்ரீ வாசித்ததும் ஜெகதீஸ்வரன் ஏந்தியிருந்த தட்டில் கற்பூரச் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காற்று இல்லை. தட்டுதான் ஆடியது.

"நேராப் புடிங்க மாமா. சாமிக்குப் படிச்சுக் காட்டிட்டு இருக்கறனில்ல?"

"ரெண்டு கை எதுக்கு யுவா? தப்புப் பண்ணுனவன் ஒரு கையிலதான பண்ணியிருப்பான்?"

"எந்தக் கைன்னு நமக்குத் தெரியாதில்லீங்க. பொதுவாப் போட்டாத்தான் நிக்கும்."

ராசிபுரத்தில் பத்திர எழுத்தர் ஒருவரிடம் அவள் எட்டு வருடமாக வேலை பார்க்கிறாள். அவள் எழுதிய பத்திரம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. முனியப்பனுக்கு எழுதிய மனுவிலும் ஒரு சந்து விட்டுவைக்கவில்லை. மேற்படி ஆசாமி எந்தப் பெயரில் இருந்தாலும், எந்த ஊரில் ஒளிந்திருந்தாலும், மனுதாரருக்கு உறவினராகவே இருந்தாலும் விலக்கு இல்லை. நாற்பத்தெட்டு நாளுக்குள் சன்னதிக்கு நேரில் வந்து ஒப்புக்கொள்ளாவிட்டால், மேற்படி கையில் விரல் மரத்து, பிறகு மணிக்கட்டு வீங்கி, பிறகு சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் போகக் கடவது.

"ஒறவு எதுக்கு அதுல?"

"வழக்கமாப் போடறதுதானுங்க."

பூசாரி சின்னான் தாளைச் சுருட்டி அவளிடமே கொடுத்தார். அவள் மஞ்சள் நூலால் அதை வேலில் கட்டினாள். சாமிக்கு முன்னால் நட்டிருந்த வேல்களில் ஏற்கெனவே நூற்றுக்கணக்கான தாள்கள். ஆடு போனவர்கள், வரப்புப் போனவர்கள், மானம் போனவர்கள் கட்டியவை. பன்னிரண்டடி உயரத்தில் உட்கார்ந்திருந்த முனியப்பனின் கண்களுக்குப் போன மாதம்தான் புது வெள்ளை அடித்திருந்தார்கள். ஜெகதீஸ்வரன் எங்கே நின்றாலும் கருவிழி அவனையே பார்த்தது.

"போன ஆடியில ஒருத்தன்" என்றார் சின்னான், யாரும் கேட்காமலே. "மோட்டார் திருடுனவன். பத்தொம்பதாம் நாளு வந்து நின்னான் சாமி. வாயி இப்பிடிக் கோணிக்கிச்சு." கோணிக் காட்டினார்.

ஜெகதீஸ்வரன் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். ஏனென்றால் மேற்படி ஆசாமி அவன்தான்.

புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலை ஓரமாக அவனுக்கு லாரி உதிரிபாகக் கடை இருக்கிறது. லாரிகள் கெட்டுப்போகாத நேரங்களில் அவன் செல்லில் 'ஏழு பாதாளம்' விளையாடுவான். வாளோடு முதல் பாதாளமான அதல லோகத்தில் இறங்கி, வழியில் வருகிற அசுரர்களையெல்லாம் வெட்டிச் சாய்த்து, அவர்கள் ஆயுதங்களைப் பிடுங்கிப் பலம் ஏற்றிக்கொண்டு, ஏழாவது பாதாளம் வரை போக வேண்டும். லாரிகள் இப்போதெல்லாம் அதிகம் கெடுவதில்லை. சித்திரை ஒன்றாம் தேதி, வருசப் பிறப்புப் பொங்கல் பானைக்கு முன்னால் நின்று, இனி அந்த ஆட்டத்தின் பக்கம் போவதில்லை என்று மனைவி யுவஸ்ரீயிடம் சொல்லியிருந்தான். அன்று சாயங்காலமே மூன்றாம் பாதாளத்தை முடித்தான்.

விளையாடினால் மட்டும் போதவில்லை. விளையாடியவர்கள் தங்கள் கருத்தை எழுதும் பக்கம் ஒன்று இருந்தது. 'பாதாளராசா' என்ற பெயரில் ஜெகதீஸ்வரன் அங்கே பெரிய ஆள். மற்றவர்கள் கோபமாக எழுதுவார்கள். அவன் குடும்பஸ்தனாக எழுதுவான்.

'நான்காம் பாதாளத்து அரக்கி மூன்று தடவை கூப்பிடுவாள். முதல் தடவை காது கேட்காதது போல் இருக்கலாம். இரண்டாம் தடவை சுவர் அதிரும். மூன்றாம் தடவை ஆளே வந்து நிற்பாள். கல்யாணமானவர்களுக்கு இந்தக் கட்டம் சுலபம்.' இதற்கு மட்டும் இரண்டாயிரம் பேர் கைதட்டியிருந்தார்கள்.

அந்தப் பக்கத்தில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எழுதியவர் பெயருக்குக் கீழே அவர் எவ்வளவு நேரம் விளையாடியிருக்கிறார் என்பதையும் போட்டுவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவன் ரசத்துக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தபோது, யுவஸ்ரீ தன் செல்லை இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது யாருங்க?"

கல்யாண வரவேற்பில் கோட்டுப் போட்டு எடுத்த படம். பக்கத்தில் நின்ற அவளை அவன் வெட்டியிருந்தான். அவளுடைய நான்கு விரல்கள் மட்டும் கோட்டுக் கையில் மிச்சமிருந்தன. கீழே அறுநூற்றுப் பன்னிரண்டு மணி நேரம். தேதி, போன செவ்வாய்.

"அது... நாந்தான். ஆனா நானில்ல."

"அப்பிடின்னா?"

"கணக்கைத் திருடிட்டாங்க அம்மிணி. நான் சித்திரையிலயே உட்டுட்டனா, சும்மா கெடந்துது. எவனோ உள்ள பூந்துட்டான். எம்பேரு, எம்படம். நான் என்ன பண்றது?"

அவள் நம்ப மாட்டாள் என்று நினைத்தான். சண்டைக்குத் தயாராக இலையைக்கூடச் சற்று நகர்த்தி வைத்தான். அவள் முகம் சிவந்தது.

"எம்புருசன் படத்தைப் போட்டா? அவன் கையி வெளங்குமா?"

"உடு யுவா. பாவம்."

"பாவமா? எந்திரிங்க. மனு எழுதோணும்."

"போலீசுக்கா?" அவன் உள்ளூர மகிழ்ந்தான். போலீஸ் என்றால் வருடக்கணக்கில் இழுக்கும்.

"போலீசு இழுத்தடிக்குமுங்க. முனியப்பனுக்கு நாப்பத்தெட்டு நாளு."

மனு கட்டிய மூன்றாம் நாள் காலையில் பல் விளக்கும்போது வலது கட்டைவிரலில் எறும்பு ஊர்ந்தது. பார்த்தால் எறும்பு இல்லை. உதறினான். ஊர்ந்தது. மனுவில் எழுதியிருந்த வரிசை ஞாபகம் வந்தது. விரல்தான் முதலில்.

நாமக்கல்லில் டாக்டர் விரலை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"செல் ரொம்பப் பாப்பீங்களா?"

பக்கத்து நாற்காலியில் யுவஸ்ரீ இருந்தாள்.

"இல்லீங்க டாக்டர். சித்திரையோட உட்டாச்சு."

"அப்ப இது எதனாலன்னு எனக்குப் புடிபடலையே" என்றார் டாக்டர்.

ஜெகதீஸ்வரன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். மருத்துவத்துக்குப் பிடிபடாதது என்றால் வேறு யார் கை? பஸ்ஸில் வரும்போது யுவஸ்ரீ அவன் விரலை மடியில் வைத்து நீவிக்கொண்டே வந்தாள்.

"படம் உங்க படமில்லீங்களா? அதான் சாமி கொழம்பியிருக்கும். அவனுக்குப் போக வேண்டியது உங்களுக்கு வந்துருச்சு. கவலப்படாதீங்க, திருத்தல் மனு ஒண்ணு போட்டுரலாம். 'படத்தில் காண்பவர் அல்ல, எழுதுபவர்'னு தெளிவாச் சொல்லிப்புட்டா, நேரா அவனையே போயிப் புடிச்சுக்கும்."

"வேண்டாம்" என்றான் அவன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "வேண்டாம் கண்ணு. சாமியத் தொந்தரவு பண்ணக் கூடாது."

மறுநாள் உச்சிப்பொழுதில் கடையைச் சாத்திவிட்டுத் தனியாகக் கோயிலுக்குப் போனான். வெயிலில் ஒரு காக்கைகூட இல்லை. வேல்களில் தாள்கள் மட்டும் சரசரத்துக்கொண்டிருந்தன. காற்று அப்போதும் இல்லை.

"அந்தச் சீட்டை அவுத்துக் குடுங்கண்ணா. திருட்டுப்போனதே எனக்குத்தான். நானே சொல்றேன்."

சின்னான் வாயில் போட்ட வெற்றிலையை ஒதுக்கினார். "கட்டுன கைதான் அவுக்கோணும் சாமி. இல்லாட்டித் திருடுனவன் நேருல வந்து நிக்கோணும். நான் தொட்டா எனக்கு வரும்."

"நான் தொட்டா?"

"உனக்கு வரும். ஏன், வெரலு என்ன செய்யுது?"

அவன் கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினான்.

பயம் மறக்க அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கடைக்கு வந்து ஆறாம் பாதாளத்தில் இறங்கினான். கட்டைவிரலை நீட்டி வைத்துக்கொண்டு ஆள்காட்டி விரலால் வெட்டினான். யானைத்தலை அசுரன் விழுந்த நேரத்தில் ஆள்காட்டி விரலிலும் எறும்பு ஊர்ந்தது. இடது கைக்கு மாற்றினான். 'இரண்டு கைகளையும் குறிக்கும்' என்று யுவஸ்ரீயின் குரல் கேட்டது. செல்லைக் கீழே போட்டான்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. திருடன் மன்னிப்புக் கேட்டுவிட்டால்?

சுண்டு விரலால் எழுதினான். 'நான் பாதாளராசா அல்ல. அந்த நல்ல மனிதரின் கணக்கைத் திருடியவன். அவரிடமும் அவர் துணைவியாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கணக்கைத் திருப்பித் தந்துவிட்டேன்.'

சாயங்காலத்துக்குள் பதில்கள் குவிந்தன.

'திருட்டு அண்ணே, போகாதீங்க. பழைய ஆளைவிட நீங்கதான் நல்லா எழுதறீங்க.'

இது அவனுக்கு வலித்தது. பழைய ஆளும் அவன்தான்.

'மன்னிப்பு இருக்கட்டும். யானைத்தலைக்காரனை எப்படிச் சாய்த்தீர்கள்? நான் நாற்பது தடவை செத்துவிட்டேன்.'

'சண்டை பிரமாதம். கதைதான் புராணத்தைப் பாதியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனவன் எழுதியது போல் இருக்கிறது.'

'ஐந்தாம் பாதாளத்துக்கு அப்புறம் வருவதெல்லாம் பழைய அசுரனுக்குப் புதுச் சாயம். ஆட்டத்துக்கு ஒரு நட்சத்திரம். திருடனுக்கு ஐந்து.'

செல்லை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினான்.

"யுவா! ஒத்துக்கிட்டான்! பாரு, உங்கிட்டயும் கேட்டிருக்கறான். துணைவியார்னு மரியாதையா வேற போட்டிருக்கறான். நாளைக்கே சீட்டை அவுத்துரலாம்."

அவள் அரிவாள்மனையில் இருந்து எழுந்திருக்காமலே செல்லை வாங்கிப் பார்த்தாள். மேலிருந்து கீழே, பத்திரம் சரிபார்ப்பது போல.

"அறுநூத்தி இருவத்திநாலு."

"என்ன?"

"ஞாயித்துக்கெழம அறுநூத்திப் பன்னெண்டு. மன்னிப்புக் கேக்கறதுக்கு முன்னாடி பன்னெண்டு மணி நேரம் வெளையாடியிருக்கறானுங்க. இவன் திருந்துனவன்னு எப்பிடி நம்பறது?"

"ஒரு ஆச இருக்குமில்ல யுவா. கடைசியா ஒரு தடவன்னு."

"நீங்க ரொம்ப எளகுன மனசுங்க மாமா." செல்லைத் திருப்பிக் கொடுத்தாள். "அவனுக்கே பரிஞ்சு பேசறீங்க. ஆனா மனுவுல 'நேரில்'னு போட்டாச்சு. அவன் வரோணும்."

சாப்பிட உட்கார்ந்தார்கள். ஜெகதீஸ்வரன் சோற்றை உருட்டி எடுத்தான். விரல்கள் பிடிக்கவில்லை. கவளம் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் உதிர்ந்து இலையில் விழுந்தது. மறுபடி எடுத்தான். மறுபடி விழுந்தது. மணிக்கட்டைப் பார்த்தான். வீங்கியிருப்பது போலவும் இருந்தது, எப்போதும் அப்படித்தான் இருக்கும் போலவும் இருந்தது.

"யுவா, பூசாரி கெளம்பறதுக்குள்ள கோயலுக்குப் போயிட்டு வந்துரலாம்."

"அவன் வாரானுங்களா?"

"வாரான்."

அவள் சேலை மாற்றி, கைப்பையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

சன்னதியில் மூன்று பேர்தான் இருந்தார்கள். சின்னான் வாசலைப் பார்த்தார், யுவஸ்ரீ வாசலைப் பார்த்தாள். முனியப்பன் மட்டும் ஜெகதீஸ்வரனைப் பார்த்தார். அவன் சாமிக்கு முன்னால் மண்டியிட்டான்.

"நாந்தான்" என்றான்.

"என்ன நீங்க?"

"திருடன் எவனுமில்ல யுவா. எல்லாம் நாந்தான் எழுதுனேன். சாமிகிட்ட என்னைய உட்டுடச் சொல்லு. கையி மரத்துப்போச்சு. நாளைக்கு வாயி கோணிக்கிட்டாக் கடைக்கு எவன் வருவான்?"

அவள் அழுவாள், கத்துவாள், அரக்கியின் மூன்றாம் தடவை போல வந்து நிற்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டான். நூல் அவிழும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது அவள் சீட்டை அவிழ்த்து நான்காக மடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு... முன்னாடியே தெரியுமா?"

"நாலாம் பாதாளத்து அரக்கி மூணு தடவ கூப்புடுவாள்னு எழுதுனது போன வாரம் செவ்வாக்கெழம" என்றாள் யுவஸ்ரீ. "சித்திரையில கணக்கைத் திருடுனான், செரி. பொண்டாட்டியையுமா திருடிட்டான்?"

சின்னான் இருமுவது போலச் சிரித்தார்.

ஜெகதீஸ்வரன் விரல்களை மடக்கி நீட்டினான். எறும்பு குறைந்தது போல் இருந்தது. உயிர் வந்தது. "அப்ப கேசு முடிஞ்சுதில்ல? ஊட்டுக்குப் போலாமா?"

"திருட்டுக் கேசு முடிஞ்சுதுங்க. திருடனே இல்லைன்னு ஆயிப்போச்சு." அவள் கைப்பையைத் திறந்து இன்னொரு தாளை எடுத்தாள். எழுதி முடித்து, தேதி வரை போட்டிருந்தது. "பொய் சொன்ன கேசு இனித்தான். அது வேற ஆசாமி, வேற மனு."

"யுவா, அதுல என்ன எழுதியிருக்கற?"

"சின்னானண்ணா, மனசுக்குள்ள படிச்சாலும் சாமிக்குக் கேக்குமுங்களா?"

"கேக்கும் சாமி. சத்தமாப் படிக்கறதே மத்தவங்களுக்குத்தான்."

அவள் உதடு அசையாமல் படித்தாள். இரண்டு பக்கம். நடுவில் ஒரு தடவை நிறுத்தி, அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, பேனாவை எடுத்து ஒரு வரி சேர்த்தாள். பிறகு சுருட்டி நூல் சுற்றினாள்.

கீழ் வரிசை வேல்களில் இடம் இல்லை. உயரமான வேல் ஒன்று காலியாக இருந்தது. அவளுக்கு எட்டவில்லை. ஓரத்தில் கிடந்த கல் ஒன்றைக் காலால் இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறினாள். கல் ஆடியது.

ஜெகதீஸ்வரன் குந்தி உட்கார்ந்து, அவள் முடிச்சுப் போட்டு முடிக்கும்வரை கல்லை அசையாமல் பிடித்துக்கொண்டான்.